நெஞ்சுக்குள் வைத்த நீராவி

சாய்ந்தமருதுச் சாப்பாட்டுக் கடைகளுக்கு வருசக்கணக்காக இடியப்பம் அவித்துக் கொடுத்தவள் நபீலா. அந்த விறகுப் புகை கடைசியில் அவளுடைய நெஞ்சிலேயே குடியேறிவிட்டது. நுரையீரலின் மேற்பகுதி தளர்ந்துபோய், இழுத்த காற்று வெளியே வர வழியில்லாமல் அங்கேயே தேங்கியது. நாலு வார்த்தை சேர்த்துக் கதைக்க முடியவில்லை.

மகள் றிஸ்னா அவளைச் சென்னைக்குக் கூட்டிப்போனாள். நெஞ்சைக் கீறாமல், வாய்வழியே மெல்லிய குழாயை இறக்கி, பழுதான பகுதிக்குள் சூடான நீராவியைச் செலுத்துவார்களாம். அந்த இடம் சுருங்கினால் நல்ல பகுதி விரிந்துகொடுக்கும் என்றார் அங்கிருந்த மருத்துவர்.

"அப்ப என்னையும் அவிக்கப் போறாங்களா?" என்று நபீலா சிரித்தாள். சிரிப்பு இருமலில் முடிந்தது.

நீராவிச் சிகிச்சை முடிந்து ஊருக்கு வந்து சில வாரங்களில் காய்ச்சல் அடித்தது. சளி, நெஞ்சுக் குத்து, முன்னைவிட மோசமான மூச்சிறைப்பு.

"நான் அப்பவே சொன்னனே, வேணாமெண்டு!" கணவர் அப்துல் ஸமட் கையைப் பிசைந்தார்.

"வாப்பா, அதக் கதைக்கிற நேரமா இது? ஓட்டோவக் கூப்பிடுங்க!" என்றாள் றிஸ்னா.

ஆஸ்பத்திரியில் டொக்டர் மேனுஜா எக்ஸ்ரேயை உற்றுப் பார்த்தார். சென்னைக்கும் அழைத்துக் கதைத்தார். ஒக்சிசன் முகமூடிக்குள்ளிருந்து நபீலா அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். செத்துப்போகப் போகிறோம் என்றே அவளுக்குப் பட்டது.

"நியூமோனியாவா டொக்டர்?" என்றார் ஸமட்.

"நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சன். ஆனா நீராவி குடுத்த இடம் மட்டும்தான் வீங்கிக் கிடக்கு. அது சுருங்கக்குள்ள இப்படி வாறதுதான். வீக்கத்துக்கும் மருந்து தாறம், கிருமி சேராமலும் தாறம். கவனிக்காம விட்டிருந்தா ஆபத்து. நேரத்தோட வந்திட்டீங்க."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றபடி ஸமட் அங்கேயே குந்திவிட்டார். நபீலாவின் கண் நிறைந்து வழிந்தது.

அதன் பிறகும் சில நாள் பாடுதான். பிறகு காய்ச்சல் இறங்கியது, முகமூடியைக் கழற்றினார்கள். வீடு வந்து மாதம் ஒன்று போனபின் எடுத்த படத்தில், பழுதான பகுதி நன்றாகச் சுருங்கியிருந்தது.

ஒருநாள் ஸமட் சந்தையிலிருந்து மீன் வாங்கி வந்தார். நபீலா செவுளைத் தூக்கிப் பார்த்தாள்.

"கண்ண மூடிக்கிட்டா வாங்கின நீங்க? செவுள் வெளுத்துக் கிடக்கு, மணக்குது, குடுத்தவன் உங்கட மூஞ்சப் பாத்துத்தான் தந்திரிக்கான், இதப்போய்…"

பாதியில்தான் அவளுக்கே உறைத்தது, மூச்சுக்காக எங்கேயும் நிற்கவில்லை. ஸமட் சிரித்துக்கொண்டு நின்றார்.

"என்ன சிரிப்பு? கொண்டுபோய்க் குடுத்திட்டு வேற வாங்கிட்டு வாங்க" என்றாள் நபீலா.