இரண்டு போட்டோவில் இருந்த பை

எனக்குப் பொறுமை கிடையாது, என் வீட்டுக்காரருக்கு வாய் கிடையாது. தாராவியில் எங்கள் குடித்தனம் இப்படித்தான் ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது. அவர் தோல் பை வெட்டித் தைக்கிறவர். நான் செம்பூரில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்க்கிறேன். நாற்காலி, அண்டா, ஆட்டோ, எதன் போட்டோவைக் கொடுத்தாலும், சுற்றிச் சுற்றிப் பார்க்கிற மாதிரி கம்ப்யூட்டரில் எழுப்பிக் கொடுப்பேன். அவர் அதற்கு வைத்திருந்த பெயர் 'கேம்'. "கேம் முடிஞ்சுட்டுன்னா சாப்பிடுவமா?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் அடுத்தவர்களின் ஆர்டருக்குத்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். போன வருடம்தான் வாஷியில் கடை வைத்திருக்கும் ஒரு அம்மாள் நேராக அவரிடமே பை தைத்துத் தரக் கேட்டார். ஒரு பையின் போட்டோ இரண்டு வாட்ஸ்அப்பில் வந்தது. ஒன்று முன்பக்கம், ஒன்று பக்கவாட்டு. அசல் பை அந்த அம்மாளிடம் இல்லை. திங்கட்கிழமை சாம்பிள் காட்டவேண்டும், பிடித்தால் ஆர்டர். அவருக்கென்று வரப்போகிற முதல் ஆர்டர். மனிதர் இரண்டு நாளாகப் போட்டோவைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"கையில பிடிச்சுப் பாத்தா வெட்டிருவேன். இது வெறும் போட்டோல்லா" என்றார். முகம் வாடிப்போயிருந்தது. எனக்குத் தாங்கவில்லை.

"நம்ம கேம்ல செஞ்சு தரட்டுமா?" என்றேன்.

ஞாயிறு காலை லேப்டாப்போடு உட்கார்ந்தேன். ஒரு படத்தை எதிர்ச்சுவர் போலவும் இன்னொன்றைப் பக்கச்சுவர் போலவும் நிறுத்தி, நடுவே ஒரு பெட்டியை வைத்து, மூலை மூலையாக இழுத்துப் பையாக்கினேன். உருவம் வந்துவிட்டது, அளவுதான் தெரியவில்லை. அவர் திரையை எட்டிப் பார்த்தார். "அந்த பக்கிள் ஒன்றர இஞ்சு. நம்ம தெருக் கடையில தொங்குது" என்றார். அட! அந்த ஒரு பக்கிளை வைத்தே முழுப் பைக்கும் அளவு எடுத்துவிட்டேன். பையைத் திரையில் சுழற்றினேன். அடிப்பாகத்தைக் காட்டச் சொன்னார். இன்னொரு தடவை காட்டச் சொன்னார்.

அப்புறம் பையைத் தையல் தையலாகப் பிரித்துத் தட்டையாக விரித்து, அதே அளவில் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். தையலுக்கென்று ஓரத்தில் அரை இஞ்ச் விடுவார்கள். அதையும் நானே சேர்த்திருந்தேன். தோல்காரர் பெண்டாட்டிக்கு இதுகூடத் தெரியாதா என்ற கொழுப்பு. அவரோ, கம்ப்யூட்டருக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது என்று, கோட்டுக்கு வெளியே இன்னோர் அரை இஞ்ச் விட்டு வெட்டியிருக்கிறார். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் பை தயாரானது. தையல் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் ஓரத்துக்கு அரை இஞ்ச் கூடி, நீளம் அகலம் எல்லாமே ஒரு இஞ்ச் பெருத்திருந்தது. பக்கிள் மட்டும் குட்டியாகத் தெரிந்தது. அந்தத் தோலில் இன்னொரு பைக்கு மிச்சமில்லை.

"ஒரு வார்த்த கேக்கப்பிடாதா நீங்க?" என்று கத்தினேன்.

"நீ சொல்லிருக்கலாம்லா?"

மாறி மாறிக் கத்தினோம். இரண்டு பேரும் உப்புப் போட்ட சாம்பார் எங்கள் வீட்டில் புதிதல்ல. அது நினைவுக்கு வந்து நான்தான் முதலில் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். எனக்கும் சிரிப்பு நின்றுபோனது.

திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டு நானும் வாஷிக்குப் போனேன். அந்த அம்மாள் பையைத் தூக்கிப் பார்த்து, பெரிதாக இருக்கிறதே என்றார். இவர் தரையைப் பார்த்தார். நான் லேப்டாப்பைத் திறந்து, சரியான அளவில் இருந்த பையைச் சுழற்றிக் காட்டி, எனக்குத் தெரிந்த இந்தியில் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தையலை நகத்தால் நெருடிப் பார்த்தார். வாரை ஒல்லியாக்க முடியுமா என்று கேட்டார். அங்கேயே ஒல்லியாக்கிக் காட்டினேன். "இதே மாதிரி பண்ணுங்கள்" என்று ஆர்டரைக் கொடுத்துவிட்டார்!

திரும்பும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. நான் வேலைக்குச் செம்பூரில் இறங்கவேண்டும். அவர் என் லேப்டாப்பை வாங்கி அந்தப் பெரிய பைக்குள் வைத்தார். சார்ஜரும் டிபன் டப்பாவும்கூட உள்ளே போயின. "ஒனக்குன்னே தச்ச மாதிரி இருக்குளா" என்றார். இன்றைக்கும் அதைத்தான் மாட்டிக்கொண்டு போகிறேன்.

அன்றைக்கு ரயில் செம்பூர் வருவதற்குள் அவருடைய போன் அடித்தது. கூட வேலை பார்க்கிறவர், எங்கே இருக்கிறாய் என்று கேட்டிருப்பார் போல.

"வாஷிக்கு வந்தேம்லே, ஆர்டர் விசயமா" என்றார். "டிசைனரும் கூட வந்திருக்காவ."

நான் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண் கலங்கியதை அவர் பார்த்தால் அதற்கும் கேலி செய்வார்.