முதல் மழைக்கு மறுநாள் பிடித்த தண்ணீர்

குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் அவரை எல்லோரும் பாட்டில்காரர் என்றே கூப்பிட்டார்கள். தெருத்தெருவாகப் போய்க் குழாய்த் தண்ணீரைப் பழுப்பு பாட்டிலில் பிடித்து, சீட்டு ஒட்டிக் கொண்டு வருவது இருபத்தாறு வருடமாக அவர் வேலை. பெண் பார்க்கப் போன வீட்டிலும் முதலில் குழாயைத்தான் திறந்து பார்த்தார் என்று மச்சான் இன்னும் கேலி செய்வார்.

களைக்கொல்லிச் சோதனை வருடத்துக்கு நான்கு முறை. நான்கும் மழை இல்லாத மாதங்களில். அது ஏன் என்று அவர் யோசித்ததே இல்லை. மகள் முழுகாமல் தாய்வீட்டுக்கு வந்திருந்த வருடம்தான் யோசித்தார். ஆற்றுக்கு மேலே கண்ணுக்கெட்டிய தூரம் வயல். விதைக்கும்போது மருந்தடிக்கிறார்கள். மழை பெய்தால் அது எங்கே போகும்?

முதல் மழை கொட்டிய மறுநாள், யாரும் சொல்லாமலே தன் வீட்டுச் சமையலறைக் குழாயில் ஒரு பாட்டில் பிடித்து மற்றவற்றோடு சேர்த்துவிட்டார்.

களைக்கொல்லி அனுமதித்த அளவைப்போல நான்கு மடங்கு வந்தது.

"இதை யாரு எடுக்கச் சொன்னா?" என்றார் அதிகாரி.

"யாரும் சொல்லலைங்க."

"வருஷ சராசரி போட்டா அளவுக்குள்ளதான் வரும். ரெண்டு வாரத்துல தானா இறங்கிடும்."

"அந்த ரெண்டு வாரமும் ஜனங்க குடிச்சுக்கிட்டுதானே சார் இருப்பாங்க?"

அதிகாரி கெட்டவர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இந்த மருந்தைப் பிடிக்கக் கரி வடிகட்டி வேணும்னு நானே மூணு தடவை எழுதிட்டேன். பதில் வந்தா உங்களுக்கும் காட்டுறேன்."

வீட்டில் மனைவி தண்ணீரை ஆற்றிக்கொண்டிருந்தாள். "காய்ச்சித்தானே குடுக்கறேன்?"

"காய்ச்சினா கிருமி சாகும். இது போகாது."

"அப்ப எதைக் குடிக்கறது?"

கடையில் விற்கும் தண்ணீர் எந்தக் குழாயிலிருந்து போகிறது என்பது அவருக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிப் பார்த்தார். கண்ணாடி மாதிரி இருக்கே, வாசனைகூட இல்லையே என்றாள் அவள். அதுதான் அக்கா கஷ்டமே என்றார். அவள் சிரித்துவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

பத்தாம் நாள் அவரை மீட்டர் பிரிவுக்கு மாற்றினார்கள். அவருடைய பாட்டில் சோதனைப் பதிவேட்டில் ஏறவே இல்லை. அடுத்த வருடத்துக்கான அட்டவணை பலகையில் ஒட்டப்பட்டது. அதிலும் ஒரு மழை மாதம்கூட இல்லை.

அன்று சாயங்காலம் மறுபடி மழை பிடித்தது. மகள் தாகமாக இருக்கிறது என்றாள். மனைவி கை வேலையாக இருந்தாள். அவரே எழுந்து போய், காய்ச்சி ஆறிய அதே தண்ணீரை ஊற்றிக் கொடுத்தார்.