சேலைன் ஏற்றிய மொரிஸ் மைனர்

பொனட்டைத் திறந்ததும் பரிசோதகர் மூக்கைச் சுளித்தார். "என்னங்க ஐயா, மண்ணெண்ணெய் மணக்குது?"

மணக்கத்தான் செய்யும். என் மொரிஸ் மைனர் மண்ணெண்ணெயை விட்டு எத்தனையோ வருடம். ஆனாலும் குடித்துப் பழகிய வாய் அல்லவா.

பழைய கார்களின் ஓட்டம் ஒன்று போன மாதம் எங்கள் பக்கம் வந்தது. பனிச்சங்கேணிப் பாலத்தில் தொடங்கி, மாங்கேணி வழியாக மட்டக்களப்பு வரை. வேகப் போட்டி என்று நினைத்துவிடாதீர்கள். சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தைக் கடக்க வேண்டும், அவ்வளவுதான். நடுவில் நின்றால் புள்ளி வெட்டுவார்கள். இன்னொரு சட்டமும் உண்டு: காரில் எந்த மாற்றம் செய்திருந்தாலும் அது அந்தக் காலத்திலேயே செய்ததாக இருக்க வேண்டும், அதற்கு ஆதாரமும் வேண்டும். நேற்றுப் பூட்டிய சாமான் என்றால் கழற்றச் சொல்லிவிடுவார்கள்.

எனக்குக் கோப்பை கீப்பை ஒன்றும் வேண்டாம். அந்தத் தெருவில் ஒருதரம், ஒரேயொரு தரம், எங்கேயும் நிற்காமல் ஓட வேண்டும். இந்த வயதில் இது என்ன ஆசை என்று மனைவி கேட்டாள். கேட்டும் ஆசை குறையவில்லை.

ஓட்டத்துக்கு முன் கார்களைச் சோதிக்கும் பரிசோதகர் கொழும்பிலிருந்து வந்தவர், என் மகன் வயதிருக்கும். கூரையில் இருந்த கொளுக்கியைக் காட்டி, "இது என்னத்துக்கு?" என்றார்.

"சேலைன் போத்தல் தொங்கவிட."

"அம்புலன்ஸா ஓடினீங்களா?"

"அதுவும் ஓடினதுதான். ஆனா சேலைன் காருக்கு."

அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

சண்டைக் காலத்தில் நான் வாகரைப் பக்கம் இந்தக் காரை வாடகைக்கு, ஹயர் ஓடிக்கொண்டிருந்தேன். பெற்றோலுக்குத் தடை. விளக்குக்கென்று கொஞ்சம் மண்ணெண்ணெய் வரும். நாங்கள் விளக்கைப் பட்டினி போட்டுக் காரை ஓட்டினோம். ஆனால் மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓடுமே தவிர, எழும்பாது. எழுப்ப ஒரு மிடறு பெற்றோல் வேண்டும். எங்கேயோ தேடிப் பிடித்த அந்த மிடறைச் சேலைன் போத்தலில் ஊற்றிக் கூரையில் தொங்கவிட்டு, குழாயை டாஷ்போட்டில் ஒரு துளை போட்டுக் காபரேட்டருக்கு விட்டிருந்தேன். எழும்பியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவேன். பின்னால் வருகிற சைக்கிள்காரன் புகையில் இருமி இருமி என் பரம்பரையையே திட்டுவான். பாவம், அவன் மேல் பிழையில்லை. ஓடுகிற எஞ்சினை மட்டும் நிறுத்தவே மாட்டோம். நான் தேத்தண்ணி குடிக்கப் போனாலும் கார் கடை வாசலில் உறுமிக்கொண்டே நிற்கும்.

நோயாளி கால் நீட்டிப் படுப்பதற்காக இடது பக்க இருக்கையையும் கழற்றியிருந்தேன்.

ஒருநாள் காலை பக்கத்து வீட்டு மலர் அக்காவுக்குப் பிள்ளை வலி கண்டது. அவரைப் படுக்கவைத்து, அவரது மச்சாளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விட்டேன். பாலம் தாண்டி ஒரு வளைவில் பீப்பாயும் மண்மூட்டையும் அடுக்கிய ஆமிக் காவல், சென்றி. சிப்பாய் மறித்தான்.

"எஞ்சின் ஓஃப் பண்ணு."

நிறுத்தினேன். இனி எழுப்புவதென்றால் அவன் கண் முன்னாலேயே, தடை செய்த பெற்றோலைக் காருக்கு ஏற்ற வேண்டும்.

அவன் போத்தலைப் பார்த்தான். "ஏன் மஞ்சள்?"

மச்சாள் முந்திக்கொண்டாள். "விற்றமின் கலந்தது சேர்."

அவன் கண் குழாயோடு இறங்கியது. குழாய் அக்காவின் கையைத் தாண்டி டாஷ்போட் துளைக்குள் போயிருந்தது. "மாமாங்கேஸ்வரா, ஏலாதே!" என்று அக்கா கத்தினார். சிப்பாய் அவரைப் பார்த்தான், துளையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"காருக்கும் சுகமில்லையா?"

"ஓம் சேர். கடும் வருத்தம்."

"ஏத்து," என்றான். சொல்லிவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டான்.

கார் எழும்பியது. நான் பறந்தேன். மாங்கேணி வருமுன் காருக்குள்ளேயே அக்காவின் மகள் வதனி பிறந்துவிட்டாள். அந்த முதுகுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை என்பது மறுநாள்தான் உறைத்தது. அடுத்த முறை போனபோது அங்கே வேறு ஆள் நின்றான்.

"இதுக்குப் படம் ஏதும் இருக்குங்களா?" என்று பரிசோதகர் கேட்டார்.

அந்த நேரத்தில் யார் படம் எடுத்தது! வதனிக்குப் போன் போட்டேன். மாங்கேணிப் பள்ளிக்கூடத்தில் ரீச்சராக இருக்கிறாள். வந்ததும் வராததுமாகக் கூரையைக் காட்டினாள்.

"இந்தக் கொளுக்கிக்குக் கீழதான் நான் பிறந்த. அம்மா சாகுமட்டும் இதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தவ."

பரிசோதகர் அவளை ஒருதரம் பார்த்துவிட்டு எழுதினார்: கொளுக்கி, துளை இரண்டும் அக்கால மாற்றங்கள். சாட்சி நேரில் வந்தார். மண்ணெண்ணெய்க்கு அனுமதி இல்லை. வழி சொல்ல ஒருவர் வேண்டும், ஆகவே இடது இருக்கையும் வேண்டும்.

இருக்கை இத்தனை காலமும் எங்கள் வீட்டில் விருந்தாளிக் கதிரையாக இருந்தது. தூசு தட்டிப் பூட்டினோம். "நானே வழி சொல்லுறன் மாமா," என்று வதனி ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

பாலத்தில் தொடங்கினோம். கார் சமத்தாக ஓடியது. "நேரம் சரி மாமா, இப்பிடியே விடுங்க," என்றாள். சென்றி இருந்த அந்த வளைவு வந்தது. கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. கை தானாகச் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தியது.

"ஏன் மாமா நிப்பாட்டினீங்க? புள்ளி போகப் போகுது!"

வெளியே பார்த்தேன். பீப்பாய் இல்லை, மண்மூட்டை இல்லை. பற்றைக்குள் இரண்டு ஆடு மேய்ந்துகொண்டிருந்தன.

"ஒராளுக்கு ஒரு சொல்லு சொல்ல இருந்திச்சி புள்ள."

"இவடத்த ஆரும் இல்லையே மாமா."

"ஓம்," என்றேன்.

சாவியைத் திருப்பினேன். பெற்றோல் அல்லவா, ஒரே திருப்பில் எழும்பிவிட்டது.