தீர்த்தம் வாங்காத வீடு

நோயாளியே இல்லாத ஒரு வீட்டின் வாசலில் எங்கள் டாக்டரம்மா செருப்பைக் கழற்றிய காட்சிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. லுக்குட் என்ற சிற்றூரைத் தாண்டி உள்ளே இருக்கும் அந்தச் செம்பனைத் தோட்டத்தில், அம்மன் திருவிழா முடிந்த கையோடு வாந்தியும் வயிற்றுப்போக்கும் பரவியிருந்தன. கோயில் மண்டபத்தில் பாய் விரித்துப் பிள்ளைகளுக்கு நாங்கள் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தோம். நான் மருத்துவக் குழுவின் தாதி; தோட்டத்தாருக்கு 'மிஸ்ஸி'. இடுப்பு ஒடிய வேலை கிடக்கும்போது இவர் ஏன் நன்றாக இருப்பவர்களைத் தேடிப் போகிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஊர் அதற்குள் தீர்ப்பு எழுதிவிட்டது. அன்னதானம் சமைத்தவர் லுக்குட்டில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஓர் அக்கா. கணவர் இல்லை, அந்தக் கடையை நம்பித்தான் குடும்பம். "பழைய சாமான போட்டு ஆக்கிட்டா மிஸ்ஸி, கடைய இழுத்து மூடச் சொல்லுங்க" என்று என்னிடமே சொன்னார்கள். அவர் மண்டபத்தின் ஓரத்தில் நின்றுகொண்டே இருந்தார். பக்கத்தில் போய் உட்கார யாருமில்லை.

டாக்டரம்மா நுழைந்தது ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தின் வீடு. தோட்டத்தில் எல்லாரும் எல்லார் விசேஷத்துக்கும் போகிறவர்கள்தான். அந்த வீட்டுக்காரம்மா கூச்சத்தோடு சிரித்தார். "நல்லா சாப்பிட்டோம் டாக்டர். பாயசம் ரெண்டு தடவ வாங்கினோம்லா. எங்களுக்கு ஒன்னும் ஆகல."

"கோயில்ல குடுத்ததுல எத வாங்கல?"

அவர் யோசித்தார். "தீர்த்தம் வாங்கல. அது எங்களுக்குப் பழக்கம் இல்ல."

டாக்டரம்மா அங்கிருந்து நேராகப் போனது, தீமிதிக்க விரதம் இருந்து இப்போது எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்த ஒரு மாமாவிடம். அன்னதானத்தில் அவர் ஒரு பருக்கைகூடத் தொடவில்லை. தீர்த்தம் மட்டும் கை நிறைய வாங்கிக் குடித்திருந்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்த ஒன்றை, அதுவரை யாரும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வீடு குழாய் வந்த பிறகும், கரகத்துக்கும் தீர்த்தத்துக்கும் அந்தத் தோட்டத்தில் பழைய கிணற்றுத் தண்ணீர்தான். கப்பலேறி வந்த முன்னோர்கள் இங்கே முதலில் குடித்த தண்ணீர் அது என்பதால் அதை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை. மஞ்சளும் வேப்பிலையும் போட்டால் எதுவும் அண்டாது என்ற நம்பிக்கை வேறு. கிணற்றுக்கு மேலே மேட்டில் புதிதாகக் கட்டிய தொழிலாளர் விடுதியின் கழிவுத் தொட்டி, பெருமழையில் கசிந்திருந்தது. டாக்டரம்மா கிணற்றை அன்றைக்கே மூடச் சொன்னார். தண்ணீரின் பரிசோதனை முடிவும் அவர் நினைத்தபடியே வந்தது.

கோயில் ஒலிபெருக்கியில் உடனே சொல்லி அந்த அக்காவின் பழியைத் துடைக்க வேண்டும் என்று நான் துடித்தேன். டாக்டரம்மாவோ கோயில் பூசாரியைத் தேடிப்போய், அவர் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தார். முடிவை மெதுவாக விளக்கிச் சொன்னார். "ஐயா, ஜனங்ககிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?" என்று மட்டும் கேட்டார். கையில் அத்தனை உறுதியான உண்மையை வைத்துக்கொண்டு, அவசரப்படாமல் பூசாரியின் பதிலுக்காகக் காத்திருந்த அந்தப் பெண்ணைப் பார்த்துப் பிரமித்துப் போனேன். அந்தப் பிரமிப்பு இன்றும் எனக்குத் தீரவில்லை.

இப்போது செண்டாயான் என்ற ஊரில் வேலை பார்க்கிறேன். எங்காவது நாலு பேருக்கு வயிறு கலங்கினால், நாங்கள் பரிசோதனைக்குப் புட்டியில் தண்ணீர் பிடிப்பதற்குள் யாரோ ஒருவருடைய பெயர் எல்லார் கைப்பேசியிலும் சுற்றி வந்துவிடுகிறது. பரிசோதனை முடிவு வந்த பிறகு அந்தப் பெயரைத் திரும்பக் கொண்டுபோய் வைக்க எங்களிடம் ஒரு வழியும் இல்லை.

அந்த முடிவைக் கேட்ட அன்றைக்கே பூசாரி மண்டபத்துக்கு வந்தார். "சாப்பாட்டுல ஒன்னும் இல்ல. நான் குடுத்த தீர்த்தந்தான்" என்றார். அவர் நேராக அந்த அக்காவின் முன்னால் போய் நின்றார்.

"எனக்கும் வயிறு இன்னும் சரியாகல தங்கச்சி. உன் கையால கொஞ்சம் கஞ்சி வெச்சுக் குடுக்கிறியா?"

அக்கா வாய்விட்டு அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனார். பாயில் பிள்ளைகளோடு கிடந்த தாய்மார்களில் ஒருத்தி மெல்லக் குரல் கொடுத்தாள்: "அக்கா, என் புள்ளைக்கும் சேத்து வைங்க."