தண்ணீர் டிரம்மும் பூப்போட்ட கர்சீப்பும்

தாம்பரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஏறுகிறவர்களுக்கு அந்தக் காலத்தில் ஒரு சட்டம் இருந்தது. அரசாங்கம் போட்ட சட்டம் அல்ல. வண்டி அங்கிருந்தே புறப்படும் என்பதால் காலியாக வந்து நிற்கும். ஜன்னல் வழியாக எதைப் போட்டாலும் அந்த சீட் போட்டவருக்குச் சொந்தம். கர்சீப், குடை, செய்தித்தாள், ஒரு தடவை ஒற்றைச் செருப்பைக்கூடப் பார்த்திருக்கிறேன். செருப்பின் பக்கத்தில் நாலு பேர் மரியாதையாக நின்றுகொண்டே வந்தார்கள்.

எழுபதுகளின் நடுவில் நான் இரும்புலியூரிலிருந்து நுங்கம்பாக்கத்துக்கு டீச்சர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஏழு மாதக் கர்ப்பிணி. அதற்கு முந்தையது பாதியில் கலைந்துவிட்டது. "இந்தத் தடவை நின்னுக்கிட்டுப் போகவே கூடாது. இடம் கிடைக்கலைன்னா வீட்டுக்குத் திரும்பிடுங்க" என்று டாக்டரம்மா கண்டித்துச் சொல்லியிருந்தார். லீவெல்லாம் முந்தைய தடவையே தீர்ந்துபோயிருந்தது. ஆக, என் குழந்தை ஒரு ஜன்னலோர சீட்டை நம்பித்தான் வயிற்றில் இருந்தது. அதைத் தினமும் பிடித்துக் கொடுத்தவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்த ஓர் அக்கா. வண்டி ஊர்ந்து வரும்போதே தன் பூப்போட்ட கர்சீப்பை லேடீஸ் பெட்டிக்குள் குறி தவறாமல் போட்டுவிடுவார்.

அப்போதுதான் வடக்கே எங்கோ ரயிலில் யாரோ குண்டு வைத்தார்கள் என்று பேச்சு வந்தது. உடனே எங்களைக் காப்பாற்ற ஏற்பாடு நடந்தது. பிளாட்பாரத்தில் ஒரு தண்ணீர் டிரம், பக்கத்தில் கையில் நீளக் கழியோடு ஒரு கான்ஸ்டபிள். பக்கத்தில் ஆள் இல்லாத எந்தப் பொருளையும் கழியால் எடுத்துத் தண்ணீரில் முக்கிவிட வேண்டும் என்று உத்தரவு. முதல் நாளே அக்காவின் கர்சீப் முங்கியது.

"கர்சீப்ல எப்படிங்க குண்டு இருக்கும்?" என்று கேட்டேன்.

"உள்ள இன்னா கீதுன்னு எனக்கின்னாம்மா தெரியும்? ஆள் இல்லாத பொருளுன்னா தண்ணிதான். மேலேந்து வந்த ஆர்டர்."

"சரி, குண்டு கொண்டு வர்றவன் அது பக்கத்துலயே உட்கார்ந்திருந்தா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப அது ஆள் கீற பொருளாச்சேம்மா. அத்த நாங்க தொடக்கூடாது."

சிட்டியிலிருந்து ஒரு நிபுணர் வந்து பார்த்து, இது கர்சீப்தான் என்று சொன்ன பிறகுதான் திருப்பித் தருவார்கள். நிபுணர் சனிக்கிழமைதான் வருவார். அதுவரை டிரம்மில் குடைகளும் துண்டுகளும் ஊறிக் கிடந்தன. அக்காவின் கர்சீப்பும் அப்படி ஊறித்தான் சனிக்கிழமை திரும்பி வந்தது.

கர்சீப் போட முடியாது என்றானதும் ஜனங்கள் தங்களையே போட ஆரம்பித்தார்கள். வண்டி நிற்பதற்குள் ஓடிப்போய் எகிறி ஏறினார்கள். ஒருவருக்குக் கை முறிந்தது, ஒருவருக்குப் பல் போனது. அவர்களை ஓரமாக உட்கார வைத்துவிட்டு கான்ஸ்டபிள் பெருமையாகச் சொன்னார்: "பாத்தீங்களாம்மா, டிரம் வச்சதுலேந்து ஒரு குண்டு வெடிக்கல."

"முன்னாடியும் வெடிச்சதில்லையே?"

"அது வேற."

அக்காவும் எனக்காக எகிறித்தான் இடம் பிடித்துவந்தார். பரீட்சை நாளொன்றில் அவரால் எகிற முடியவில்லை. முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டார்கள். கையைக் காலை உடைத்துக்கொண்டு பிடித்த இடத்தை யாரும் எனக்கு விட்டுத் தருவதாகவும் இல்லை. டாக்டரம்மா சொன்னபடி நான் வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும். பரீட்சைக்குப் போகாவிட்டால் வேலை போய்விடுமே என்று நின்றுகொண்டே போனேன். வழியிலேயே அடிவயிற்றைச் சுண்டி இழுத்தது. கண் இருட்டியது. அடுத்த ஸ்டேஷனில் அக்கா என்னைக் கைத்தாங்கலாக இறக்கி, பெஞ்சில் படுக்க வைத்து, என் வயர் கூடையைக் கீழே வைத்துவிட்டு சோடா வாங்க ஓடினார். நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஓர் அம்மாள் முந்தானையால் விசிறினாள்.

அந்த ஸ்டேஷனுக்கும் ஒரு கான்ஸ்டபிள், ஒரு டிரம். அவர் ஓடி வந்ததைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. கூடையைப் பார்த்தார்.

"யாரோடது இது?"

"என்னுது இல்லப்பா" என்றாள் விசிறிக்கொண்டிருந்தவள். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். என்னுடையது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. விசில் ஊதினார். அவ்வளவுதான், எல்லோரும் தூர ஓடிவிட்டார்கள், விசிறியவள் உட்பட. தண்ணீரில் முக்கலாமென்றால் கோடையில் டிரம் காய்ந்து கிடந்தது. என்னை யாரும் நெருங்காதபடி கழியைக் குறுக்கே நீட்டிக்கொண்டு நின்றுவிட்டார். நான் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, இதுவும் போய்விடப் போகிறது என்று நினைத்தேன். அவ்வளவு பயம் என் வாழ்நாளில் அதற்குப் பிறகு வந்ததில்லை.

அக்கா சோடா பாட்டிலோடு வந்தார். "யோவ், அது டீச்சரம்மா கூடைய்யா!"

"அத்த அவங்க சொல்லணும்."

அக்கா கழியைத் தட்டிவிட்டு நேராக வந்து, கூடையைத் தூக்கி அவர் கையில் திணித்தார். "இந்தா, புடி. இப்போ ஆள் இருக்கில்ல?"

உடனே ஜனங்கள் அவரிடமிருந்து விலகி என்னிடம் ஓடி வந்தார்கள். பாவம், கூடையை அவரால் கீழே வைக்கவும் முடியவில்லை. வைத்தால் ஆள் இல்லாத பொருளாகிவிடும். என்னை ஆட்டோவில் ஏற்றும்போது திரும்பிப் பார்த்தேன். என் எலுமிச்சம் சாதத்தை ஏந்திக்கொண்டு அசையாமல் நின்றிருந்தார்.

பெரியாஸ்பத்திரியில் குழந்தைக்கு உயிர் இருக்கிறது, ஆனால் பிரசவம் வரை படுத்தே இருக்க வேண்டும் என்றார்கள். வார்டில் கட்டிலுக்கு இரண்டு பேர். அக்கா எப்போது முன்னால் ஓடினாரோ தெரியாது. சக்கர நாற்காலி உள்ளே நுழைந்தபோது ஜன்னலோரக் கட்டிலில் அந்தப் பூப்போட்ட கர்சீப் கிடந்தது. ஓர் ஆயா அதைக் கையில் எடுத்து, "யாரோடது இது?" என்று அதட்டிக்கொண்டிருந்தாள்.

பக்கத்துக் கட்டிலில் என்னை முன்பின் பார்த்திராத ஒரு பெண், வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டே சொன்னாள்: "அது ஒரு புள்ளத்தாச்சியோடது. வந்துகினு கீறாங்க. கீழ வையி."

ஆயா வைத்துவிட்டாள். என் மகள் பிறக்கும் வரை அந்தக் கட்டிலில்தான் கிடந்தேன்.