பலகையில் ஒரு பெருக்கல் குறி

மாலை நான்கு பத்துக்கு மகனின் கைப்பேசி தொடர்பை இழந்தது. அவன் தன் நண்பனின் அப்பாவோடு படகில் கடலுக்குப் போயிருந்தான். நான் காத்திவாக்கம் கரைக்கு ஓடினேன்.

அங்கே வயர்லெஸ் பெட்டியோடு ஒருவர் இருந்தார். ஒட்ட வெட்டிய தலை, முழங்கால்வரை உப்புப் படிந்த பேன்ட். அரசாங்க ஆராய்ச்சி மையம் அனுப்பும் அலை முன்னறிவிப்பைப் படகுகளுக்குச் சொல்பவர். அதைப் பலகையில் எழுதுவார். பிறகு தண்ணீரில் இறங்கி, அளவுக்கம்பத்தைப் பார்த்து, டிக்கோ பெருக்கல் குறியோ போடுவார். தப்பானால் மையத்துக்கும் தெரிவிப்பார்.

அன்றைக்குப் பலகையில் ஆறு மணிக்கு ஏழடி அலை என்றிருந்தது. வானத்தில் மேகமே இல்லை. தூரத்துப் புயல் அனுப்புகிற அலையாம். அவர் வயர்லெஸ்ஸில் அந்தப் படகை விடாமல் கூப்பிட்டார், பதில் வரவில்லை. நான் நடந்துகொண்டே இருந்தேன்.

“இது பொய்யாகப் போகட்டும்” என்றேன்.

“பொய்யாப் போனா நாளிக்கு எவனும் என் பேச்ச கேக்க மாட்டான் சார். நெஜமாப் போனா உன் புள்ள. நான் இன்னான்னு வேண்டிக்கிறது?”

ஆறரை ஆகியும் கம்பத்தில் நீர் ஏறவில்லை. படகுதான் வந்தது.

“இன்னா மாமு, உன் அலை பஸ்ஸ வுட்டுடுச்சா?” என்று நண்பனின் அப்பா சிரித்தார். நிம்மதியில் நானும் சிரித்துவிட்டேன். வயர்லெஸ்காரர் பலகையில் பெருக்கல் குறி போட்டார்.

மகன் என் காதருகே சொன்னான்: “எங்க பெட்டியில பேசத்தான் முடியலப்பா. அவர் குரல் கேட்டதுமே அங்கிள் படகைத் திருப்பிட்டார்.”