சொல்லாமல் எழுந்து போனவர்கள்

என் தம்பி செத்த பிறகும் அந்தப் பெரிய சமூக வலைத்தளத்தில் அவன் பக்கம் அப்படியே கிடந்தது. மூட எனக்கு மனசில்லை. விளாங்குடி வீட்டில் வேலையை முடித்துவிட்டு உட்கார்ந்தால் கை தானாக அங்கேதான் போகும். அவன் போட்ட ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் அவனும் கூட்டாளிகளும் அடித்த கூத்து இருக்கும். திருப்பரங்குன்றம் மலைப்படியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கிற படத்தில் ஒருத்தன், "தொப்பையக் கீழயே விட்டுட்டு ஏறிருக்கலாம்ல மாப்ள" என்று எழுத, இவன், "நீ சுமப்பன்னு நம்பித்தான் கொண்டாந்தேன்" என்று பதில் போட்டிருந்தான். எம்புட்டுத் தடவை படித்தாலும் சிரிப்பு வரும். அவன் குரலே காதில் விழும்.

கொஞ்ச நாளாக அந்தத் தளம் பாழாய்ப்போய்விட்டது. எங்கே பார்த்தாலும் வீட்டுமனை விளம்பரம், சாதிச் சண்டை. சனங்கள் சலித்துப்போய்ச் சின்னச் சின்னச் செயலிகளுக்குக் குடிபோனார்கள். போனால் போகட்டும், எனக்கென்ன என்று இருந்தேன்.

ஒருநாள் மத்தியானம் அந்த மலைப் படத்தைத் திறக்கிறேன், தொப்பைப் பேச்சைக் காணோம். தம்பியின் பதிலையும் காணோம். போன்தான் கோளாறு என்று அணைத்துப் போட்டுப் பார்த்தேன். பிறகு இன்னொரு படத்தில் பாதிப் பேச்சு இல்லை. செத்தவனே வந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போகிறானோ என்றுகூட நினைத்தேன். படித்தவள்தான், ஆனாலும் நினைத்தேன்.

என் மகள்தான் விளக்கினாள். "வேற செயலிக்குப் போறவங்க இங்க கணக்க அழிச்சா அவங்க எழுதுனதெல்லாம் போயிரும்மா. அதுக்குக் கீழ மாமா போட்ட பதிலும் சேந்து போயிரும்." அப்படியென்றால் ஒவ்வொருத்தனும் கிளம்பும்போது என் தம்பியில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டுதான் கிளம்பியிருக்கிறான்.

ஆத்திரம் தாங்கவில்லை. அந்தத் தொப்பையைக் கிண்டல் பண்ணினவனுக்கே போன் போட்டேன். பள்ளிக்கூடத்திலிருந்து தம்பியோடு ஒன்றாகத் திரிந்தவன். "ஏண்டா, போறதுன்னா போங்க. ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன, வாயில கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க? அதையெல்லாம் படம் பிடிச்சாவது வச்சிருப்பேன்ல?"

அவன் மெதுவாகச் சொன்னான்: "மத்தவங்க பக்கத்துலல்லாம் புது எடத்தச் சொல்லி, போயிட்டு வாரேன்னு எழுதிட்டுத்தான் வந்தோம்க்கா. அவன் பக்கத்துல மட்டும் எழுதல. எங்களுக்கு அது எழவு வீடுக்கா. எழவு வீட்டுல போயிட்டு வாரேன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? அதான் உங்ககிட்டயும் சொல்லாம எந்திரிச்சு வந்துட்டோம்."

தம்பியை எடுத்த அன்றைக்கும் அவர்கள் அப்படித்தான், யாரிடமும் சொல்லாமல், செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார்கள். மரியாதை தெரிந்த பிள்ளைகள். "திரும்பக் கொண்டார முடியாதாடா?" என்றேன். "முடியாதுக்கா" என்று அழுதான். நானும் அழுதேன்.

இப்போது அங்கே அவன் பதில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம், எனக்கு எழுதினது. கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு காதுகுத்துக்குப் போனவன், கிடா விருந்துப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து படம் போட்டிருந்தான். "தின்னது போதும்டா, எப்ப வருவ?" என்று கேட்டிருந்தேன். அதற்குக் கீழே, "இந்தா வாரேன்க்கா." திரும்பி வருகிற வழியில்தான் லாரி மோதியது.

சொந்தபந்தம் எல்லாம் புதுச் செயலிக்குப் போயாச்சு. எனக்கும் அங்கே ஒரு கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தார்கள். என் பழைய கணக்கில் எவனோ புகுந்து என் பெயரில் அசிங்க அசிங்கமாகப் படம் அனுப்புகிறான். "அழிச்சுத் தொலைம்மா, மானம் போகுது. அந்தப் பாழடைஞ்ச எடத்துல யாரும்மா இருக்கா?" என்று கத்திய மகள், என் போனை வாங்கி அழிக்கிற பொத்தான் வரைக்கும் போய் என் முன்னால் நீட்டினாள். நிச்சயமாகத்தானா என்று அது ஒரு தடவை கேட்டது.

வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன்.

"வாரேன்னு சொன்ன புள்ளடி. அவன் வரும்போது நான் அங்க இருக்க வேணாமா?"